தவிட்டுக்கு விற்ற பிள்ளையும் அயர்லாந்து போலீஸும்

1

நம்ம பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு அயர்லாந்தைப் பற்றி ஏதாவது எழுதி அனுப்பும்படி உங்கள் தலைமையாசிரியர் போனில் கேட்டார். "பிள்ளைங்களுக்குப் பயன்படுற மாதிரி இருக்கட்டும்" என்றார். நான் பத்தாவது பாஸ் செய்தவன். அதிலும் கணக்கில் வரப்பு ஓரமாக நடந்து தப்பித்தவன். எனக்குத் தெரிந்த வரையில் இந்த நாட்டில் மழை பெய்யும், ஆடு மேயும், பிறகு மறுபடி மழை பெய்யும். இதை எழுதிப் பார்த்தேன். கால் பக்கம்கூட வரவில்லை.

பேனாவை மூடலாம் என்று நினைத்தபோது வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டு நோரா நின்றார். காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் பிளாஸ்டிக் முக்காடு, கையில் ஒரு அட்டைப்பெட்டி.

"இந்தா உன் தவிடு. என் பிள்ளைக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்லிடு."

பெட்டியை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். டிவியில் குதிரைப் பந்தயம் தொடங்கும் நேரம் அது. பந்தய நேரத்தில் நோரா யாருக்காகவும் நிற்க மாட்டார்.

பிள்ளைகளே, அந்தப் பெட்டிக்குள் இருந்தது நிஜமாகவே தவிடுதான். கோதுமைத் தவிடு. நம்ம ஊரில் மாட்டுக்குத் தொட்டியில் கரைத்து ஊற்றுகிறோமே, அதை இங்கே அழகான பெட்டியில் போட்டு, மேலே சிரிக்கிற பெண் படம் ஒட்டிக் கடையில் விற்கிறார்கள். இவர்கள் காலையில் பால் ஊற்றி ஸ்பூனால் தின்கிறார்கள். வயிறு சுத்தமாகப் போகுமாம். மாட்டுக்குப் போவதை நாமும் பார்த்திருக்கிறோம், உண்மைதான்.

நோரா "என் பிள்ளை" என்று சொன்னது என் மகள் ரீட்டாவை. ரீட்டாவை அவருக்கு நான் விற்றிருக்கிறேன், ஒரு பெட்டித் தவிட்டுக்கு. அதற்காக என் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். பயன்படுமா என்பதைத் தலைமையாசிரியர் முடிவு செய்துகொள்ளட்டும்.

2

முதலில் என் பெயரைச் சொல்ல வேண்டும். கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தபோது வைத்த பெயர் அந்தோணிசாமி. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கே யாரோ என்றிருக்கும். ஊருக்கு நான் தவிடன்.

எனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்தான். நாலாம் மாதத்தில் தூக்கத்திலேயே போய்விட்டான். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, அழக்கூட இல்லை. அடுத்து நான் பிறந்ததும் அம்மா பயந்துபோனார். அப்படிப்பட்ட வீடுகளில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளையை வேறு தெருவில், வேறு சாதிக்காரர் வீட்டில், ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். பிள்ளை பெற்றவளிடமேதான் வளரும். ஆனால் ஒரு வருஷத்துக்கு அதை "என் பிள்ளை" என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. "காரியஸ்தர் வீட்டுப் பிள்ளைங்க, சும்மா வச்சிருக்கேன்" என்றுதான் சொல்ல வேண்டும். சாவு வந்து "மரியாயி பிள்ளை எங்கே?" என்று தேடினால், அந்த வீட்டில் அப்படி ஒரு பிள்ளையே இருக்காது. சாவு குழம்பித் திரும்பிப் போகும். வருஷம் தாண்டியதும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ளலாம். மரியாயி என்பது என் அம்மா.

சிக்கல் என்னவென்றால், நான் பிறந்த வருஷம் ஊரே இரண்டாகக் கிடந்தது. ரூபாய்க்குப் படி அரிசி போடுவதாகச் சொல்லி ஜெயித்த புது ஆட்சி. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெருவில் செங்கொடி. முடியாது என்று மிராசுதார் பண்ணை. எங்கள் தெருக்காரர்கள் பண்ணை ஆட்களோடு கொடுக்கல் வாங்கல் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சங்கத்தில் கட்டுப்பாடு. அம்மாவோ என்னைப் பண்ணைக் காரியஸ்தர் வீட்டு ஆச்சியிடம் விற்பதாகப் பேசி முடித்துவிட்டார்.

சங்கத்துக்குப் பக்கிரி என்று ஒருவர் தலைவர். கொடிக்கம்பத்தடியில் கூட்டம் போட்டுவிட்டார்.

"மரியாயி, போராட்டம் நடக்கையில பண்ணை வீட்டுத் தவிடு நம்ம தெருவுக்குள்ள வரலாமா?"

"தவிடு வராம எப்படிண்ணே விக்கிறது?"

"வேற யார்ட்டயாவது வில்லு."

"நீங்க வாங்கிக்கிறீங்களா? நீங்க ஒரே தெருவு. செல்லாது."

"அதுக்கில்ல. நாளைக்கு அவங்க பேசுவாங்கள்ல, சங்கத்துக்காரன் பிள்ளையக்கூட நாங்கதான் வாங்கினோம்னு."

"பேசட்டும். எம் பிள்ளை பொழைச்சுக் கெடந்தா அதுவும் பெரியவனாகிப் பேசும்ல."

கடைசியில் ஒரு தீர்மானம் போட்டார்கள். பண்ணைத் தவிடு தெருவுக்குள் வரக் கூடாது. வாய்க்கால் மதகுக்கு அந்தப் பக்கம் ஆச்சி நிற்க வேண்டும், இந்தப் பக்கம் அம்மா நிற்க வேண்டும். பிள்ளை மதகைத் தாண்டி அங்கே போகும், தவிடு மதகு மேலேயே வைக்கப்படும். அப்படியே விற்பனை நடந்தது. ஆச்சி என்னைத் தூக்கி, "எம் பிள்ளை, எம் பிள்ளை, எம் பிள்ளை" என்று மூன்று தடவை சொல்லித் திருப்பிக் கொடுத்தாராம். எல்லாரும் சண்டையை மறந்து சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் மதகு மேல் இருந்த தவிட்டை ஒரு மாடு முறத்தோடு நக்கித் தின்றுவிட்டது. பக்கிரி வீட்டு மாடு. அதற்குப் பிறகு பண்ணைத் தவிடு பற்றிப் பக்கிரி பேசியதே இல்லை.

அம்மாவிடம் இன்னொரு விசித்திரம் உண்டு. உட்கார்ந்துதான் தூங்குவார். சுவரில் முதுகைச் சாய்த்து, பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தவர் மாதிரி. நான் வெளிநாடு வந்து முதல் சம்பளத்தில் அம்மாவுக்குக் கட்டில் வாங்கிக் கொடுத்தேன். கும்பகோணத்தில் வாங்கிய நல்ல தேக்கு. அதன் தலைமாட்டுப் பலகையில் சாய்ந்து உட்கார்ந்து தூங்கினார். நானும் என் தங்கை செல்வியும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஏன் என்று கேட்டதில்லை.

3

நான் இங்கே வந்தது என் திறமையால் இல்லை. என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அவளை இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு எடுத்தார்கள், அவளோடு என்னையும் அனுப்பிவைத்தார்கள், மிக்ஸியோடு கூடுதல் ஜாடி வருகிற மாதிரி. எனக்குப் பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிற வேலை. மழை கழுவியது போக மிச்சத்தை நான் கழுவுகிறேன்.

ரீட்டா பிறந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். செல்வி வீட்டுக்குப் போன் வந்திருந்த புதிது. அயர்லாந்து தூரம் என்பதால் அம்மா அந்தத் தூரத்துக்குத் தகுந்த சத்தத்தில் பேசுவார். போனே தேவையில்லை.

"தவிடா! வித்துட்டியா?"

"எதைம்மா?"

"பிள்ளையடா! ஒங்க அண்ணன் மாதிரி ஆயிடக் கூடாது. வித்துரு!"

"இங்க யார்ட்டம்மா விக்கிறது?"

"அந்த ஊர்ல வேற தெரு, வேற சாதி இல்லியா?"

யோசித்துப் பார்த்தேன். இந்த ஊரில் எல்லாருமே வேற சாதிதான்.

சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் கிடையாது. ரீட்டா தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். விரல் பட்டு அவள் விழித்து அழுவாள். அழுவதைக் கேட்டு நான் சந்தோஷப்படுவேன். பிரசவ லீவு முடிந்து மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த ஸ்டெல்லா, டியூட்டி முடிந்து வந்து, "தூங்குற பிள்ளைய எழுப்பி அழவச்சு சிரிக்கிற அப்பன ஒலகத்துல நான் பாத்ததே இல்ல" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஸ்டெல்லா டியூட்டிக்குப் போன பிறகு, ரீட்டாவைத் துண்டில் சுற்றி நோரா வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். இவர்கள் பேசியதையெல்லாம் நம்ம ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். பேசிய பொருள் அதுதான்.

நோரா கொஞ்சமும் அதிரவில்லை. "எங்க அப்பா காலத்துல ஆம்பளப் பிள்ளைக்குப் பாவாடை கட்டி விடுவாங்க தம்பி. ஆம்பளப் பிள்ளைன்னு தெரிஞ்சா மலையிலேருந்து தேவதைங்க வந்து தூக்கிட்டுப் போயிடும்னு. எங்க அப்பாவே பாவாடையில நிக்கிற போட்டோ இருக்கு, பாக்குறியா?" என்றார்.

பார்த்தேன். மீசை வைத்தால் யாருக்கும் சந்தேகம் வராத முகம்.

சமையலறைக்குப் போய்த் தவிட்டுப் பெட்டியை எடுத்து வந்தார். பாதிப் பெட்டிதான் இருந்தது. மீதியை அவரே தின்றிருந்தார். "பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை, என் தவிட்டை மாடே தின்றது என்றேன். ரீட்டாவைத் தூக்கி, "என் பிள்ளை" என்று மூன்று தடவை சொல்லி, தன் பங்குக்குச் சிலுவை அடையாளமும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஆயுள் கெட்டி என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

4

இந்த நாட்டில் பிள்ளை பிறந்த வீட்டுக்கு அரசாங்கம் அவ்வப்போது ஒரு சுகாதார நர்ஸை அனுப்புகிறது. அந்த அம்மா வந்த அன்று ஸ்டெல்லா வீட்டில் இல்லை. நல்ல அம்மா. பையில் ஒரு துணிப்பொம்மை வைத்திருந்தார். பிள்ளையை எப்படிப் படுக்க வைக்க வேண்டும் என்று அதை வைத்துக் காட்டினார். மல்லாக்கப் படுக்க வை. தலையணை வேண்டாம். முகத்தை மூடுகிற போர்வை வேண்டாம். பக்கத்தில் யாரும் சிகரெட் குடிக்க வேண்டாம். மெத்தை கெட்டியாக இருக்கட்டும். "ஒரு வருஷம் தாண்டிடுச்சுன்னா இந்தப் பயம் இல்ல" என்றார். எங்கள் அம்மா சொல்லும் அதே ஒரு வருஷம்! எனக்கு அந்த அம்மா மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"உங்க குடும்பத்துல யாராவது கைக்குழந்தை தூக்கத்துல இறந்திருக்காங்களா?"

"எங்க அண்ணன்."

எழுதிக்கொண்டார். "உங்க பிள்ளைக்குப் பிறந்தப்ப எடை எவ்வளவு?"

இங்கேதான் மாட்டினேன். "உங்க பிள்ளை" என்று கேட்டால் நான் "ஆமாம்" என்று சொல்லக் கூடாது. சாவு எந்த நாட்டிலும் காது கொடுத்துக் கேட்கும். அதனால் பணிவாகச் சொன்னேன்:

"இது எங்க பிள்ளை இல்லீங்க."

பேனா நின்றது. "பின்ன யாரு பிள்ளை?"

"பக்கத்து வீட்டு அம்மாவோட பிள்ளை."

அந்த அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தார். நோரா ரப்பர் பூட்ஸோடு கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். அப்போதே அவருக்கு எழுபது தாண்டியிருக்கும்.

"அவங்க... பெத்த பிள்ளையா?"

"இல்லீங்க. வாங்கின பிள்ளை. நாங்க வித்தோம்."

"எப்ப?"

"ஞாயித்துக்கிழமை. பூசை முடிஞ்சு."

பொம்மையை எடுத்துப் பையில் வைத்தார். எழுந்தார். போய்விட்டு மறுபடி வருகிறேன் என்றார். நான் டீ குடித்துவிட்டுப் போகலாமே என்று கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

5

மறுநாள் காலை நர்ஸம்மா வந்தார். கூடவே ஒரு போலீஸ்காரர். சின்னப் பையன், சிவந்த முகம், தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். இந்த நாட்டுப் போலீஸ் துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை. அதனால் யாரைக் கைது செய்வதாக இருந்தாலும் டீயை வேண்டாமென்று சொல்வதில்லை.

ஸ்டெல்லா நைட் டியூட்டி முடிந்து யூனிபார்மோடு வாசலில் நுழைந்தாள். நடந்ததைக் கேட்டாள். பிறகு என்னிடம் தமிழில் பேசினாள்.

"நீங்க பிள்ளைய வித்தீங்களா?"

"சும்மாதான் ஸ்டெல்லா, பாதிப் பெட்டித் தவிட்டுக்கு."

"நான் நர்ஸ்ங்க! பிள்ளைங்க வார்டு நர்ஸ்! நாளைக்கு அந்த ஆஸ்பத்திரிக்குள்ள எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்? பாதிப் பெட்டித் தவிட்டுக்கா?"

பாதிப் பெட்டி என்பதுதான் அவளை அதிகம் பாதித்தது போலிருந்தது.

நோராவையும் அழைத்து வந்தார்கள். போலீஸ் தம்பி நோட்டைப் பிரித்தார்.

"நோராம்மா, இந்தக் குழந்தைய நீங்க வாங்கினீங்களா?"

"வாங்கினேன்."

"இது விளையாட்டு இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

"டேய், ஒங்க அப்பன் என் தோட்டத்துல ஆப்பிள் திருடி மாட்டினப்ப எவ்வளவு யோசிச்சேனோ அவ்வளவு யோசிச்சுதான் சொல்றேன். நியாயமா வெலை குடுத்து வாங்கினேன். பிள்ளை எனக்கு, வளக்குறது இவங்க. இதுல ஒனக்கு என்ன?"

போலீஸ் தம்பி முகம் இன்னும் சிவந்தது. என்னிடம் திரும்பி மெல்லச் சொன்னார்: "இங்க பாருங்க. உங்க வழக்கம் ஏதோ இருக்கலாம், எனக்குப் புரியுது. ஆனா ஒரு குழந்தைய வித்ததா புகார் வந்துருச்சு. குடும்பத்துல ஏற்கெனவே ஒரு குழந்தை இறந்திருக்கு. நீங்க 'இது என் பிள்ளை'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் எழுதிட்டுப் போயிடுறேன். சொல்லலேன்னா, விசாரணை முடியற வரைக்கும் குழந்தைய வேற வீட்டுல வைக்க வேண்டியிருக்கும்."

"சொல்லுங்களேன்" என்றாள் ஸ்டெல்லா. கோபம் போய்க் குரல் உடைந்திருந்தது. "ஒரு வார்த்தைங்க."

பிள்ளைகளே, ஒரு வார்த்தைதான். சொல்லாவிட்டால் ரீட்டாவைக் கொண்டுபோய்விடுவார்கள். சொன்னால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவள் தூங்கும்போதெல்லாம் நான் சொன்ன அந்த வார்த்தை அறைக்குள் நிற்கும். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

நர்ஸம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க அண்ணன் எப்படி இறந்தாரு? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார்.

அப்பா எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன்.

கூலித் தகராறு தொடங்கிய நேரம். அம்மா அசலூருக்குக் களையெடுக்கப் போய்விட்டு வெயிலோடு வந்தார். பிள்ளைக்குப் பால் கொடுத்துச் சுவர் ஓரமாகக் கிடத்தினார். தான் அசந்து தூங்குகிறவள் என்று அவருக்குத் தெரியும். அதனால் பிள்ளைக்கும் தனக்கும் நடுவில் ஒரு முறத்தை நிறுத்தி வைத்துவிட்டுக் கண்ணசந்தார். எழுந்து பார்த்தபோது பிள்ளை போயிருந்தான்.

தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது: 'உருண்டு படுத்து நசுக்கிட்டா.' தகராறு சமயம் என்பதால் ஊரில் போலீஸ் முகாம் இருந்தது. கொடி பிடிக்கிற பொம்பளை பிள்ளையை எப்படிப் பார்ப்பாள் என்று காரியஸ்தர் கேட்டார். பிள்ளைக்குப் பாலில்லாமல் செய்ததே பண்ணைதான் என்று பக்கிரி கேட்டார். இரண்டு பக்கமும் கத்தியதில் சப் இன்ஸ்பெக்டர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர். பிள்ளையைக் கும்பகோணம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி டாக்டரைப் பார்க்கச் சொன்னார். உடம்பில் ஒரு காயம், ஒரு கன்றல் இல்லை, வேறு காரணமும் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னார். பிறகு சப் இன்ஸ்பெக்டர், பிள்ளை எப்படிக் கிடந்தான் என்று அம்மாவைக் காட்டச் சொன்னார்.

பிள்ளைக்குப் பதில் வைப்பதற்கு ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் எந்தப் பிள்ளை பொம்மையைக் கண்டது? ஏட்டு கூரை மேல் ஏறி ஒரு பரங்கிக்காயைப் பறித்து வந்து, அதற்குத் துண்டைச் சுற்றினார். காம்பு பக்கம் தலையா, அடிப்பக்கம் தலையா என்று ஏட்டுக்கும் எங்கள் அப்பாவுக்கும் வாக்குவாதம். ஆட்டுக்குட்டி ஒன்று வந்து முகர்ந்து பார்த்தது. வெளியே நின்றவர்கள் துக்க வீடு என்பதை மறந்து சிரித்துவிட்டார்களாம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பரங்கிக்காயை வாங்கி, தலைக்குக் கை கொடுத்து, மெல்லச் சுவரோரம் கிடத்தி, துண்டை விலக்கி முகத்துக்குக் காற்று வருகிற மாதிரி விட்டு, முறத்தை நிறுத்தினார். அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

முறத்தை எடுத்துப் பார்த்தார். பழைய முறம், தொட்டால் பொலபொலக்கும். ஒரு ஈர்க்குகூட நசுங்கவில்லை. வெளியே வந்து எல்லார் முன்னாலும் சொன்னார்: "உருண்டிருந்தா மொறம் நசுங்கியிருக்கும்யா. அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. ரெண்டு கட்சியும் வாய மூடிக்கிட்டுப் போங்க." பரங்கிக்காயைச் சாட்சிப் பொருள் என்று ஏட்டு கொண்டுபோனார். அது ஸ்டேஷனில் கூட்டாகிவிட்டது என்று எங்கள் அப்பா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

போலீஸ் தம்பி எழுதுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார். "நாங்களும் பொம்மை வச்சுதான் கேப்போம்" என்றார். "ட்ரெயினிங்ல சொல்லிக்குடுத்தாங்க. இன்னும் செய்ய வேண்டி வரல. வரக் கூடாது."

நர்ஸம்மா செய்ய வேண்டி வந்தவர் போலிருக்கிறது. பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"இன்ஸ்பெக்டர் வெளிய வந்து சொன்னாருன்னீங்க. அப்ப உங்க அம்மா எங்க இருந்தாங்க?"

"உள்ள."

"அவங்களுக்கு யாரு சொன்னா?"

அப்பா சொன்ன கதையை மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். அதில் அந்த இடமே இல்லை. அப்பா வெளியே ஆண்களோடு நின்று கேட்டார். ஆண்களுக்கெல்லாம் தெரியும். அவளும் கேட்டிருப்பாள் என்று அப்பா நினைத்திருப்பார். துக்க வீட்டில் அதைப் போய்ப் பேசுவானேன் என்றும் நினைத்திருப்பார். எனக்கு வயது முப்பதுக்கு மேல். இந்தக் கேள்வியை நானும் கேட்டதில்லை.

6

போனை எடுத்தேன். செல்வி எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

"தவிடா! என்னடா, பிள்ளை நல்லாருக்கா?"

"நல்லாருக்கும்மா. ஒன்னு கேக்கணும். அண்ணன் செத்தப்ப அந்த இன்ஸ்பெக்டர் மொறத்தப் பாத்துட்டு வெளிய போயி என்ன சொன்னாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படிடா தெரியும்? நான் உள்ள கெடந்தேன். கொல்லைக்கு வந்தா, நான் உருண்டு படுத்துட்டேன்னு பொம்பளைங்க பேசினதுதான் காதுல விழுந்துச்சு."

"அப்பா சொல்லலியா?"

"ஒங்கப்பா பரங்கிக்காய்க் கதைதான் சொல்வாரு."

சொன்னேன். முறம் நசுங்கவில்லை, டாக்டர் காயம் எதுவும் இல்லை என்றார், குற்றம் இல்லை என்று தெரு பூராவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார் இன்ஸ்பெக்டர் என்று. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. என் அம்மா போனில் சத்தமில்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. லைன் போய்விட்டதோ என்று போனைத் தட்டினேன்.

நர்ஸம்மா போனை வாங்கிப் பேச, நான் பக்கத்தில் இருந்து தமிழில் சொன்னேன். "அம்மா, நான் அன்னிக்கு அங்க இல்ல. ஆனா டாக்டரும் இன்ஸ்பெக்டரும் சரியாத்தான் பாத்திருக்காங்க. இந்த மாதிரி எல்லா நாட்டுலயும் நடக்குது. டாக்டர் வீட்டுலயும் நடக்குது. உடம்பப் பாப்போம், வீட்டப் பாப்போம், படுக்கையப் பாப்போம், எல்லாத்தையும் கேப்போம். அப்புறமும் காரணம் தெரியலேன்னா அதுக்குன்னு 'சடன் இன்ஃபன்ட் டெத்'னு ஒரு பேரு இருக்கு. ஏன் நடக்குதுன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது. எங்க வழக்கம் என்னன்னா, தெரிஞ்சத முதல்ல அம்மாகிட்டதான் சொல்லுவோம்."

அம்மா கேட்டார்: "அதுக்கு என்னமோ பேரு சொன்னாங்களே, அத இன்னொரு தரம் சொல்லச் சொல்லு."

நர்ஸம்மா சொன்னார். அம்மா அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். வரவில்லை. மறுபடி சொல்லிப் பார்த்தார். சைதாப்பேட்டை மாதிரி ஏதோ வந்தது. "சரி, பேரு இருக்குல்ல, அது போதும்" என்றார்.

பிறகு, "அங்க யாருடா இவ்வளவு பேரு சத்தம்?" என்று கேட்டார்.

போலீஸ் வந்திருப்பதையும், நான் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டாமல் நிற்பதையும் சொன்னேன். பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். அறையில் எல்லாருக்கும் கேட்டது.

"அட மடப்பயலே! போலீஸ்காரன் பிள்ளையக் கொண்டுட்டுப் போறேங்கிறான், நீ சாவுக்கு ஒளிச்சு வெளையாடுறியா? நீ பொழைச்சது தவிட்டாலயா, யாருக்குடா தெரியும்? அந்தம்மா சொன்ன மாதிரி மல்லாக்கப் போடு, மூஞ்சிய மூடாத. இப்ப சத்தமாச் சொல்லு, எம் பிள்ளைன்னு! நான் இங்கேருந்து கேக்கணும்!"

சொன்னேன். "எம் பிள்ளை." தமிழில் சொன்னேன், இங்கிலீஷில் சொன்னேன். மூன்றாவது தடவை ஸ்டெல்லாவும் சேர்ந்து சொன்னாள். போலீஸ் தம்பி எழுதிக்கொண்டு நோட்டை மூடினார்.

நோரா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப என் தவிடு?"

சமையலறையில் போய்ப் பெட்டியை எடுத்து வந்தேன். காலி. டியூட்டிக்கு அவசரமாகப் போகும்போதெல்லாம் ஸ்டெல்லா அதில்தான் பால் ஊற்றித் தின்றிருக்கிறாள், வந்த கதை தெரியாமல். அவள் கூரையைப் பார்த்தாள்.

"வெலை திரும்பி வரல. பிள்ளை எனக்குத்தான்" என்றார் நோரா. "வேணும்னா எழுதிக்கடா" என்று போலீஸ் தம்பியிடமும் சொன்னார். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, எழுதாமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துப் பார்த்தேன். நோரா வாங்கவில்லை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவரே ஒன்று கொண்டுவந்து கொடுத்து விற்பனையை உறுதி செய்துகொள்கிறார். ரீட்டா இப்போது நாலாம் வகுப்பு. தமிழ் புரியும். பேசினால் வாயில் சுடுகிழங்கு இருப்பது மாதிரி இருக்கும். குடும்ப வரலாறு சொல்லச் சொன்னபோது வகுப்பில் எழுந்து நின்று, "எங்க அப்பாவையும் தவிட்டுக்கு வித்தாங்க, என்னையும் வித்தாங்க, எங்க அப்பாவ மாடு தின்னுடுச்சு" என்று சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. அது தனிக் கதை.

7

அந்தப் போலீஸ் வந்துபோன சில நாளில், காலையில் செல்வியிடமிருந்து போன். இங்கே காலை என்றால் நம்ம ஊரில் மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். நோரா என் வீட்டில் உட்கார்ந்து, தன் பிள்ளையை மடியில் வைத்திருந்தார்.

"அண்ணே, அம்மாகிட்ட அன்னிக்கு என்னதான் சொன்னே?" செல்வி குரலில் எரிச்சல்.

"ஏன், என்ன ஆச்சு?"

"படுத்துத் தூங்குது."

"யாரு?"

"அம்மாதான். எதுலயும் சாயாம, நீ வாங்கிக் குடுத்த கட்டில்ல. கை ஒரு பக்கம், காலு ஒரு பக்கம். நேத்துலேருந்து. அதுகூடப் பரவால்ல. கொறட்டைண்ணே! பிள்ளைங்க பாடம் படிக்க முடியல. பால்காரன் வாசல்ல நின்னு உள்ள மெஷின் ஏதும் ஓடுதாங்கிறான். இரு, நீயே கேளு."

போன் ஒயரை இழுத்துக்கொண்டு அவள் நடப்பது கேட்டது. பிறகு அது வந்தது. தூரத்தில் தொடங்கி, மேடேறி, உச்சியில் கொஞ்சம் நின்று, விசிலடித்துக்கொண்டு இறங்கி, மறுபடி தொடங்கியது.

நோரா காதைத் தீட்டினார். "என்ன தம்பி அது, டிராக்டரா?"

"இல்ல. எங்கம்மா."

நோரா தன் நாற்காலியைப் போன் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். மடியில் ரீட்டா மல்லாந்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று அவள் மூக்கடியில் நான் விரல் வைத்துப் பார்க்கவில்லை. வெளிநாட்டுப் போனுக்கு நிமிஷத்துக்கு எவ்வளவு ஆகும் என்பதைச் செல்வியும் மறந்துவிட்டாள், நானும் மறந்துவிட்டேன். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.